எம்பிமாற்றை பே சீற்றை ஆர் எழுதிறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரிலை வாசகர் கடிதப் பக்கத்திலை ஒருத்தர் எழுதியிருந்தார், மந்திரிமாருக்கும் எம்பிமாருக்கும் சம்பளமே குடுக்கக் கூடாது, சேவை செய்யத்தானே வந்தவை, வேணுமெண்டா பஸ் ரிக்கற் மட்டும் எடுத்துக் குடுங்கோ எண்டு. அதை நான் வாசிச்சது திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்திலை ஒரு ரீக்கடையிலை. அங்கை நிண்ட நாலு பேரும் 'சரியாத்தான் எழுதியிருக்கிறார்' எண்டு தலையாட்டினவை, நான் மட்டும் ஆட்டேல்லை, அதைக் கண்ட ஓட்டோக்காரத் தம்பி ஒருத்தன் 'என்ன ஐயா, உங்களுக்கும் அவையளிட்டை இருந்து ஏதும் வருதோ' எண்டு கேட்டிட்டான். எனக்கு வாறது மாசம் ஒருக்கா பாங்கிலை விழுற பென்சன் மட்டுந்தான் தம்பி எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன், ஆனா வீட்டை வந்தும் மனம் ஆறேல்லை, அதுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீட்டாத்தான் வரும், வெட்டிறதெண்டா நடுவிலை வெட்டாமல் கடைசியிலை வெட்டுங்கோ.

நான் 31 வருசம் ஒரு அரச கந்தோரிலை கணக்குக் கிளையிலை இருந்தனான். அதிலை முக்கால்வாசிக் காலம் மற்றவையின்ரை சம்பளப் பட்டியல், அதுதான் பே சீற், எழுதினதுதான் வேலை. பேசிக் எவ்வளவு, வாழ்க்கைச் செலவுப் படி எவ்வளவு, விதவைகள் அநாதைகள் பென்சனுக்கு எவ்வளவு வெட்டுறது, நோ பே எண்ட சம்பளமில்லாத லீவு எத்தினை நாள், இதெல்லாம் இப்பவும் நித்திரையிலை கேட்டாலும் சொல்லுவன். அந்த வேலையிலை இருந்து படிச்ச ஒரே ஒரு பாடம், ஒரு ஆளின்ரை சம்பளத்தை அந்த ஆளே எழுதி அந்த ஆளே கையெழுத்தும் வைக்கக்கூடாது. என்ரை சம்பளத்தை நான்தான் பட்டியலிலை ஏத்திறது, ஆனா சரி பாத்து கையெழுத்து வைக்கிறது வேறை ஆள், அதுக்கு மேலை கணக்காளர், அதுக்கும் மேலை கணக்காய்வு. இன்கிறிமென்ற், அதுதான் வருசச் சம்பள ஏற்றம், போடுறதெண்டாலும் மேலதிகாரி ஒருத்தர் இவன் ஒழுங்கா வேலை செய்தவன் எண்டு எழுதித் தரவேணும், அது வராட்டி போடேலாது. ஒருமுறை எனக்கே அந்தக் கடதாசி ஏழு மாசம் ஆற்றையோ மேசையிலை கிடந்தது, நான் பட்டியல் எழுதிற ஆளாயிருந்தும் என்ரை பேருக்கு நேரை பழைய தொகையைத்தான் ஏழு மாசமும் எழுதினனான், எழுதேக்கை வயிறெரிஞ்சதுதான், ஆனா அதுதான் முறை.

எங்கட டிரைவர் அண்ணை ஒருத்தர் வவுனியாவுக்கு வேலையா போய்வந்து படிக்காசுக்கு வவுச்சர் போட்டவர். வந்து சேந்த நேரம் இரவு 9.40 எண்டு அவர் எழுத, வாகனத்தின்ரை ஓட்டப் புத்தகத்திலை 9.15 எண்டு கிடக்க, அந்த 25 நிமிசத்துக்கு கணக்காய்விலை இருந்து வினவல் வந்தது. ரண்டு பக்கம் விளக்கம் எழுதினனாங்கள். அந்தாள் கடைசியிலை 'தம்பி அந்தக் காசை நான் கேக்கேல்லை, என்னை விடுங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். ஆளுக்கு இத்தினை கண் முழிச்சுப் பாக்கிற அரசாங்கத்திலை, ஆக மேலை இருக்கிற 225 பேற்றை சம்பளத்தை மட்டும் ஆர் பாக்கிறது எண்டதுதான் என்ரை கேள்வி. எவ்வளவு எண்டது ரண்டாவது, ஆர் எழுதிறது எண்டதுதான் முதல்.

சட்டம் என்ன சொல்லுது எண்டு பாத்தா, 1978 அரசியலமைப்பிலை 68 ஆவது உறுப்புரை. சபாநாயகர், பிரதிச் சபாநாயகர், குழுக்களின் பிரதித் தவிசாளர், மந்திரிமார், பிரதி மந்திரிமார், சாதாரண எம்பிமார், இவ்வளவு பேருக்கும் என்ன குடுக்கிறது எண்டதைப் பாராளுமன்றம் சட்டத்தாலையோ தீர்மானத்தாலையோ முடிவெடுக்கலாம் எண்டு கிடக்கு. ஒரு தீர்மானம் காணும். அதோடை 152 ஆவது உறுப்புரையையும் சேத்து வாசிக்கவேணும், அரசாங்கத்தின்ரை திரட்டு நிதியிலை கை வைக்கிற எந்தச் சட்டமூலமோ பிரேரணையோ ஒரு மந்திரிதான் கொண்டுவரலாம், அதுக்கு முன்னம் அமைச்சரவை ஓமெண்டு சொல்லியிருக்கவேணும். அப்ப என்ன நடக்குது? மந்திரிக்குச் சம்பளம் கூட்டவேணும் எண்டா மந்திரிமார் கூடிக் கதைச்சு, அதிலை ஒரு மந்திரி கொண்டுவந்து, மந்திரிமாரும் எம்பிமாரும் கை உயத்தி நிறைவேத்திறது. பட்டியலும் அவையே, சரி பாக்கிறதும் அவையே, கையெழுத்தும் அவையே. இதை என்ரை கந்தோரிலை நான் செய்திருந்தா அண்டைக்கே வேலை போயிருக்கும், பென்சனும் போயிருக்கும்.

நீதியரசர்மாற்றை கதை வேறை. உயர் நீதிமன்றத்திலையும் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலையும் இருக்கிறவையின்ரை சம்பளத்தையும் பாராளுமன்றந்தான் தீர்மானிக்கிறது, ஆனா பதவிக்கு வந்த பிறகு குறைக்கேலாது எண்டு 108 ஆவது உறுப்புரை பூட்டுப் போட்டிருக்கு, ஏனெண்டா சம்பளத்தைக் காட்டி வெருட்டிப்போடுவினம் எண்டு அண்டைக்கே யோசிச்சிருக்கினம். அதை யோசிச்சவை தங்கட விசயத்திலை மட்டும் ஒரு பூட்டும் போடேல்லை பாருங்கோ.

சரி இப்ப தொகைக்கு வருவம். எம்பியின்ரை மாசப் படி 54,285 ரூபா. மந்திரிக்கு 65,000, பிரதி மந்திரிக்கு 63,500, சபாநாயகருக்கு 68,500, பிரதமருக்கு 71,500, ஜனாதிபதிக்கு 97,500. ரீக்கடையிலை இதைச் சொன்ன உடனை ஒருத்தரும் நம்பேல்லை, 'உதுதானோ, லட்சக் கணக்கிலை எல்லோ எடுக்கிறாங்கள்' எண்டவை. ரண்டும் உண்மைதான், அங்கைதான் கள்ளம் ஒளிச்சிருக்கு.

கணக்குக் கிளைக்காரன் மாதிரி ஒருக்கா கூட்டிப் பாப்பம். பேசிக் 54,285. கந்தோர் நடத்த 100,000. ரெலிபோனுக்கு 50,000. விருந்தினருக்கு ரீ குடுக்க 1,000 (இது பாவம், ஆயிரம் ரூபாய்க்கு இப்ப எத்தினை பேருக்கு ரீயும் வடையும் குடுக்கலாம்). டிரைவர் குடுபடாட்டி டிரைவருக்கு 3,500. சபைக்கு வந்த நாளுக்கு 2,500, மாசம் எட்டு நாள் எண்டு பிடிச்சா 20,000. கூட்டினா 228,785. இதுக்குள்ளை பேசிக் நாலிலை ஒரு பங்கும் வராது. இதோடை சபை இல்லாத நாளிலை குழுக் கூட்டத்துக்கு வந்தாலும் ஒரு 2,500, மாவட்டம் எவ்வளவு தூரம் எண்டு பாத்து மாசம் இத்தினை லீற்றர் எண்டு எண்ணெய்க் காசு, வருசத்துக்கு முத்திரைக் காசு, தூர இடத்து ஆக்களுக்கு கொழும்புக்குக் கிட்ட மாதிவெலவிலை வீடு. எங்கட யாழ்ப்பாணத்து எம்பி கொழும்புக்கு 400 கிலோமீற்றர் ஓடவேணும், அதுக்கு எண்ணெய் குடுக்கத்தான் வேணும், அதிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னெண்டா இதெல்லாம் பத்து வேறை வேறை பெயரிலை கிடக்கிறதுதான். ஒரு ஆளின்ரை சம்பளத்தைப் பத்துத் துண்டா வெட்டி பத்துப் பெட்டிக்குள்ளை வைச்சா, ஆருக்கும் மொத்தம் தெரியாது, ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியா சத்தமில்லாமல் கூட்டலாம். பேசிக்கைக் கூட்டினா பேப்பரிலை தலைப்புச் செய்தி, ரெலிபோன் காசைக் கூட்டினா ஏழாம் பக்கம்.

மந்திரிக்கும் எம்பிக்கும் இடையிலை வித்தியாசம் எவ்வளவு எண்டு கணக்குப் பாத்தனீங்களோ? 10,715 ரூபா. இந்தப் பத்தாயிரத்து எழுநூறுக்காகத்தான் எங்கட நாட்டிலை இத்தினை பேர் கட்சி மாறி மந்திரியானவை எண்டு சொன்னா மாடு கூட சிரிக்கும். மந்திரிப் பதவியின்ரை உண்மையான சம்பளம் பே சீற்றிலை இல்லை, அது வாகனத்திலை, வீட்டிலை, பாதுகாப்புக்கு வாற பொலிசிலை, சொந்தக்காரரை ஸ்ராவ் எண்டு போடுறதிலை, ஆருக்கு வேலை குடுக்கிறது எந்த றோட்டைப் போடுறது எண்ட அதிகாரத்திலை கிடந்தது. வாகன பேமிற்றை எடுங்கோ, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வரியில்லாமல் வாகனம் இறக்க ஒரு கடதாசி, அந்தக் கடதாசியையே வித்து கோடிக் கணக்கிலை உழைச்சவை இருக்கினம், அது எந்தச் சம்பளப் பட்டியலிலை வந்தது? ஒண்டிலையும் இல்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்திலை இனி எம்பிமாருக்கு பேமிற் இல்லை எண்டு சொன்னவை, நல்லது.

இன்னொண்டு, மந்திரிமாற்றை எண்ணிக்கை. சம்பளத்தைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் தலையை எண்ண மறந்து போயிடுகினம். 2007 இலை மந்திரி, பிரதி மந்திரி எல்லாம் சேத்து நூறுக்கு மேலை இருந்தவை, 225 பேர் இருக்கிற சபையிலை! பிறகு 2015 இலை அரசியலமைப்பின்ரை 19 ஆவது திருத்தத்திலைதான் அமைச்சரவைக்கு 30, மற்ற மந்திரி பிரதி மந்திரி 40 எண்டு எல்லை போட்டது. 'தேசிய அரசாங்கம்' எண்டு ஒரு பெயரை வைச்சா அந்த எல்லையையும் தாண்டலாம் எண்டு ஒரு பொட்டு இன்னும் கிடக்கு, வேலியிலை பொட்டு விட்டா நாய் வரும் எண்டு எங்கட ஆச்சி சொல்லுவா.

இப்ப இருக்கிற அரசாங்கம் குறைச்சிருக்கிறது உண்மை, இல்லையெண்டு சொல்லேல்லை. 2024 இலை உயர் நீதிமன்றத்திலை நீதியரசரா இருந்து ஓய்வுபெற்ற கே.ரி. சித்ரசிறி தலைமையிலை ஒரு குழுப் போட்டு மந்திரிமார், எம்பிமார், முன்னாள் ஜனாதிபதிமாற்றை சலுகைகளைப் பாக்கச் சொன்னது. 2025 மாசி 5 ஆம் திகதியிலை இருந்து பாராளுமன்றச் சாப்பாட்டுக்கு எம்பிமார் கட்டிறது நாளுக்கு 450 ரூபாவா இருந்ததை 2,000 ஆக்கினவை. செப்ரெம்பரிலை முன்னாள் ஜனாதிபதிமாற்றை உரித்துகளுக்கு எண்டு 1986 இலை வந்த சட்டத்தை 151 பேர் ஆதரிச்சு ஒரே ஒரு ஆள் எதிர்த்து இல்லாமலாக்கினது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கவனியுங்கோ, குழு அறிக்கைதான் குடுக்கும், முடிவு எடுக்கிறது ஆர்? அமைச்சரவை. 151 பேர் கை உயத்திக் குறைக்கலாம் எண்டா நாளைக்கு வேறை 151 பேர் வந்து அதே கையை உயத்திக் கூட்டலாம். குறைக்கிறதும் அதே பேனையாலைதான், கூட்டுறதும் அதே பேனையாலைதான். சனம் கை தட்டுறதைப் பாத்துக் குறைக்கிறவை, சனம் நித்திரையா இருக்கேக்கை கூட்டமாட்டினம் எண்டு என்ன உறுதி? எனக்குப் பிரச்சினை பேனை ஆற்றை கையிலை கிடக்கு எண்டதுதான்.

ஆளுற கட்சியான தேசிய மக்கள் சக்தி எம்பிமாற்றை சம்பளம் கட்சியின்ரை நிதியத்துக்குப் போகுது எண்டு அவையே சொல்லுகினம். அதுக்கும் ரீக்கடையிலை கை தட்டினவை. எனக்கு அது அவ்வளவு பிடிக்கேல்லை, சொன்னா கோவிப்பினம், பரவாயில்லை. சம்பளம் எண்டது அந்தப் பதவியிலை இருக்கிற ஆள் ஒருத்தற்றை காலையும் பிடிக்காமல் சீவிக்கவேணும் எண்டு சனம் குடுக்கிற காசு. அதை வாங்கி வேறை ஆளிட்டைக் குடுத்திட்டு அவர் தாறதிலை சீவிக்கிறதெண்டா, அந்த ஆளுக்கு மாறா ஒரு நாள் சபையிலை கதைக்கவேண்டி வந்தா என்ன செய்யிறது? அவையின்ரை விருப்பம், சட்டப்படி பிழையில்லை, ஆனா அதைப் பெரிய தியாகம் எண்டு மேடையிலை சொல்லி மற்றவையும் அப்பிடிச் செய்யவேணும் எண்டு கேக்கத் தொடங்கினா, பேந்து வசதியுள்ளவனும் கட்சியின்ரை ஆளுந்தான் எம்பியாகலாம். என்னைப் போல ஒரு கிளாக்கற்றை மோள், ரண்டு பிள்ளையோடை கடனோடை இருக்கிறவள், எம்பியா வரேலுமோ?

இது புதுக்கதையும் இல்லை. லண்டனிலை ஹரோவிலை இருக்கிற என்ரை மச்சானோடை ஞாயிறு இரவு வட்சப்பிலை கதைக்கிறனான், அவன் முப்பது வருசமா அங்கை, அரசியல் விசயம் எண்டா போனை வைக்கமாட்டான். அங்கை 1911 மட்டும் எம்பிமாருக்குச் சம்பளமே இல்லையாம், அப்ப ஆர் எம்பியா இருந்தவை? காணி பூமி உள்ள துரைமார். எம்பிக்குச் சம்பளம் குடுக்கவேணும் எண்டு 1838 இலையே சாசனம் எழுதிக் கேட்டது தொழிலாளியள், துரைமார் கேக்கேல்லை. பிறகு தொழிற்சங்கங்கள் காசு சேத்து தங்கட ஆக்களைச் சபைக்கு அனுப்பி வைச்சிருக்கினம், 1909 இலை ஒஸ்போன் எண்ட வழக்கிலை அப்பிடிச் செலவழிக்கேலாது எண்டு தீர்ப்பு வந்திட்டுது. அதுக்குப் பிறகுதான் 1911 இலை வருசம் 400 பவுண் எண்டு வைச்சது. ஆகவே சம்பளம் வேண்டாம் எண்டு உங்களுக்குக் கடிதம் எழுதின ஐயா தெரியாமல் துரைமாற்றை பக்கம் நிக்கிறார்.

அங்கையும் நெடுகத் தாங்கள்தான் தங்கட சம்பளத்தை வோட்டுப் போட்டுத் தீர்மானிச்சவை. சம்பளத்தைக் கூட்ட வெக்கப்பட்டு படிக்காசைக் கூட்டிக் கூட்டி வந்திருக்கினம், எங்கட ரெலிபோன் காசு மாதிரித்தான். 2009 இலை அந்த வவுச்சரெல்லாம் பேப்பரிலை வந்திட்டுது, குளத்திலை வாத்துக்கு வீடு வைச்சது 1,645 பவுண் எண்டு ஒரு எம்பி கேட்டிருந்தவர், இன்னொருத்தர் வீட்டைச் சுத்தி இருக்கிற அகழி துப்புரவாக்கின கணக்கு. சபாநாயகரே பதவி விலகவேண்டி வந்தது, சிலபேர் சிறைக்கும் போனவை. எங்கட டிரைவர் அண்ணைக்கு 25 நிமிசத்துக்கு வினவல் வந்தது ஞாபகம் இருக்கோ, நான் வாத்துக் கதையைக் கேட்டு அவரைத்தான் நினைச்சனான்.

அதுக்குப் பிறகுதான் இப்சா எண்டு ஒரு சுயாதீன சபை வந்தது. எம்பியின்ரை சம்பளம் எவ்வளவு, செலவுக் காசு எவ்வளவு, எல்லாம் அவைதான், எம்பிமார் அதுக்கு வோட்டுப் போடேலாது. இதிலை எனக்கு ஆகப் பிடிச்சது என்ன தெரியுமோ, 2015 இலை அந்தச் சபை 67,060 பவுணா இருந்ததை 74,000 ஆக்கினது, பிரதமர் கமரூன் வேண்டாம் எண்டு சொல்லியும் நிப்பாட்டேலாமல் போச்சு. சனத்துக்கும் கோவந்தான். ஆனா அதுதான் நான் கேக்கிற முறை, கூட்டச் சொன்னாலும் கேக்கக்கூடாது குறைக்கச் சொன்னாலும் கேக்கக்கூடாது. பேந்து பொதுத்துறைச் சம்பளம் எவ்வளவு ஏறுதோ அதைப் பாத்து ஏத்தினவை, 2025 சித்திரையிலை வருசம் 93,904 பவுண்.

மந்திரிமாற்றை கணக்கு அங்கை வேறை. எம்பிச் சம்பளத்துக்கு மேலாலை மந்திரி எண்டதுக்கு தனிச் சம்பளம், அது 1975 இலை வந்த ஒரு சட்டத்தின் கீழை. சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர், கொறடா எல்லாருக்கும் அதே சட்டந்தான். எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளம் குடுக்கத் தொடங்கினது 1937 இலை, அரசாங்கத்தை எதிர்க்கிறதுக்கு அரசாங்கமே சம்பளம், எனக்கு அது நல்ல யோசனையாப் படுது. எங்கடை அமிர்தலிங்கம் ஐயா 1977 இலையும் சம்பந்தன் ஐயா 2015 இலையும் எதிர்க்கட்சித் தலைவரா இருந்தவைதானே, அப்பவும் எங்கட சனத்திலை சிலபேர் 'சிங்கள அரசாங்கத்தின்ரை காரிலை போறார்' எண்டு குத்திக் கதைச்சவை, அந்தக் கார் அந்தப் பதவிக்கு உரிய கார், ஆற்றையும் தயவிலை வந்ததில்லை எண்டு ஆரும் விளங்கப்படுத்தேல்லை.

அந்த 1975 சட்டத்திலை இன்னொரு கெட்டித்தனம், சம்பளம் எடுக்கிற மந்திரிமார் 109 பேருக்கு மேலை போகேலாது எண்டு தொகையோடை தலையையும் சேத்துக் கட்டினது. அதுக்கு மேலை மந்திரி வைக்கவேணும் எண்டா சம்பளமில்லாமல் இருக்கவேணும், அப்பிடி இருந்தவையும் இருக்கினம், கூடுதலா பிரபுக்கள் சபைக்காரர். ஆனா மந்திரிச் சம்பளத்திலை அவையும் எங்களை மாதிரித்தான் மாட்டுப்பட்டிருக்கினம். 2010 இலை அஞ்சு வீதம் வெட்டினவை, அதுக்குப் பிறகு சனம் என்ன சொல்லுமோ எண்டு பயத்திலை வருசக் கணக்கா ஏத்தேல்லை, சட்டத்திலை ஒரு தொகை கிடக்க அதைவிடக் குறைவாத்தான் எடுக்கினம். இன்னொண்டு, 2022 இலை அங்கை கிழமைக் கணக்கிலை மந்திரிமார் மாறினவை, போகேக்கை வருசச் சம்பளத்திலை காற்பங்கு கையிலை குடுத்து அனுப்பவேணும் எண்டு 1991 சட்டம், சில கிழமை இருந்தவைக்கும் அந்தக் காசு வந்திருக்கு. மச்சான் சொல்லிச் சிரிச்சவன், 'இஞ்சை எனக்கு முப்பது வருசம் வேலை செய்து கிடைக்காதது அவைக்கு ஆறு கிழமையிலை கிடைச்சிருக்கு' எண்டு. ஆகவே லண்டனைப் பாத்து அப்பிடியே கொப்பி பண்ணுங்கோ எண்டு நான் சொல்ல வரேல்லை.

இந்தியாவிலை எம்பிமாருக்கு 1954 சட்டம். நெடுக தாங்களே திருத்திக் கொண்டு வந்து, 2018 இலை ஒரு மாற்றம் செய்தவை, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா பணவீக்கச் சுட்டெண்ணைப் பாத்து தன்பாட்டிலை ஏறும். அந்தக் கணக்கிலைதான் 2025 பங்குனியிலை மாசம் ஒரு லட்சமா இருந்தது 1,24,000 ஆனது, 2023 சித்திரையிலை இருந்து பின்னேதியிட்டு. தமிழ்நாட்டிலை அப்பிடி இல்லை, 2017 ஆடியிலை எம்எல்ஏமாற்றை சம்பளத்தை 55,000 இலை இருந்து 1,05,000 ஆக்கினவை, அதே மாசம் தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லியிலை றோட்டிலை இருந்து போராடினவை. தொகை சரியோ பிழையோ, நேரம் எப்பிடித் தெரிவு செய்தவை பாருங்கோ. சூத்திரம் ஒண்டு இருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

சிங்கப்பூர் மாதிரி குடுத்தா களவு இருக்காது எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். அங்கை 2012 இலை வந்த முறைப்படி, ஆக உழைக்கிற ஆயிரம் சிங்கப்பூர்க் குடிமக்களின்ரை நடுவருமானத்தை எடுத்து அதிலை 40 வீதத்தை வெட்டி, புதுசா வாற மந்திரிக்கு வருசம் 11 லட்சம் சிங்கப்பூர் டொலர். எங்களுக்கு அதைப் பற்றிக் கதைக்கிறதே வீண், ஆனா ஒண்டு, அங்கை எந்தத் தொகை எண்டாலும் ஏன் அந்தத் தொகை எண்டு ஒரு வரியிலை சொல்லலாம். எங்கட 54,285 ஏன் 54,285? 54,284 ஏன் இல்லை? ரீக்கடையிலை மட்டுமில்லை, எந்த மேடையிலையும் ஒருத்தர் அதை விளங்கப்படுத்தி நான் கேக்கேல்லை.

எனக்கு ஆகப் பிடிச்ச கதை அமெரிக்காவிலை. 1789 இலை அவை ஒரு திருத்தம் எழுதினவை, கொங்கிரஸ், அதுதான் அவையின்ரை பாராளுமன்றம், தன்ரை சம்பளத்தை மாத்தினா அடுத்த எலெக்சன் முடிஞ்ச பிறகுதான் அது நடைமுறைக்கு வரும் எண்டு. போதிய மாநிலம் ஒத்துக்கொள்ளாமல் அது அப்பிடியே கிடப்பிலை போச்சு. 1982 இலை ரெக்சாஸிலை கிரெகரி வொற்சன் எண்டு ஒரு பெடியன் பல்கலைக்கழகத்திலை இதைப் பற்றி கட்டுரை எழுதி, இந்தத் திருத்தத்துக்கு இன்னும் உயிர் இருக்கு எண்டு சொல்ல, படிப்பிச்சவ 'சி' போட்டிட்டா. பெடியனுக்குக் கோவம். மாநிலம் மாநிலமாக் கடிதம் எழுதத் தொடங்கினவன், பத்து வருசம். 1992 இலை 27 ஆவது திருத்தமா அது நிறைவேறிச்சுது, எழுதி 202 வருசத்துக்குப் பிறகு. 2017 இலை பல்கலைக்கழகம் அந்த 'சி' யை 'ஏ' ஆக்கிக் குடுத்தது. கடிதம் எழுதி என்ன வரப்போகுது எண்டு என்ரை மனிசி இப்பவும் அடுப்படியிலை இருந்து கேக்கிறா, அவவுக்கு இதைத்தான் வாசிச்சுக் காட்டினனான், 'அப்ப 202 வருசம் இருங்கோவன்' எண்டா.

சரி, நான் என்ன கேக்கிறன்? தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஆள் போடுறது மாதிரி அரசியலமைப்புப் பேரவை சிபாரிசு செய்யிற ஆக்களைப் போட்டு ஒரு சின்னச் சபை, எம்பியா இருந்தவையும் எம்பியாக நிக்கிற எண்ணம் உள்ளவையும் அதிலை இருக்கக்கூடாது, கணக்குத் தெரிஞ்ச ரண்டு பேர் கட்டாயம் இருக்கவேணும். அது சொல்லுற தொகை இப்ப இருக்கிற சபைக்கு இல்லை, அடுத்த சபைக்கு, அப்ப ஆர் வருவினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. 68 ஆவது உறுப்புரையிலை 'சட்டத்தாலை' எண்டு ஒரு வாசல் திறந்துதான் கிடக்கு, அரசியலமைப்பைத் திருத்தாமலே ஒரு சட்டம் கொண்டுவந்து இதைச் செய்யலாம் எண்டுதான் நான் நினைக்கிறன், சட்டம் படிச்ச ஆக்கள் பிழையெண்டா உங்கட பேப்பரிலையே எழுதட்டும்.

பத்துப் பெட்டியையும் ஒண்டாக்கவும் வேணும். இது ஏலாத காரியம் இல்லை, அரச உத்தியோகத்தருக்கு 2025 இலை அதைத்தானே செய்தவை. ஆகக் குறைஞ்ச பேசிக் 24,250 ஆ இருந்ததை 40,000 ஆக்கேக்கை, முந்தி இடைக்காலப் படி எண்டு குடுத்த 5,000 ஐயும் விசேட படி 2,500 ஐயும் பேசிக்குக்குள்ளை கரைச்சுப்போட்டு, கையிலை புதுசா வாறது 8,250, அதுவும் 2027 தை வரைக்கும் கட்டம் கட்டமா எண்டு சுத்தறிக்கை போட்டவை. என்ரை மோளும் ஒரு கந்தோரிலைதான் வேலை, 15,750 கூடுது எண்டு கேட்டு சந்தோசப்பட்டவள், பே சிலிப் வந்த அண்டைக்கு திண்ணையிலை இருந்து ரண்டு பேரும் கூட்டிக் கழிச்சுப் பாத்தனாங்கள், 'அப்பா மிச்சம் எங்கை' எண்டு கேட்டவள். மிச்சம் ஏற்கெனவே உன்ரை கையிலைதான் பிள்ளை இருந்தது, பெயரை மாத்தி இருக்கினம் எண்டன். உத்தியோகத்தற்றை படியைப் பேசிக்கிலை கரைக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு தங்கட ரெலிபோன் படியையும் கந்தோர்ப் படியையும் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் இல்லை. கந்தோர்க் காசு வேறை, வீட்டுக் காசு வேறை. கந்தோருக்குச் செலவழிச்சா பில்லைக் காட்டி எடுக்கட்டும், மிச்சம் சம்பளம் எண்டா சம்பளம் எண்ட பெயரிலையே குடுங்கோ, இரண்டு லட்சம் எண்டா இரண்டு லட்சம் எண்டு சொல்லுங்கோ, அதுக்கு வரியும் வெட்டுங்கோ. ஆகக் கீழை இருக்கிற அலுவலகப் பணியாளருக்கு 40,000 எண்டும் நாட்டுக்குச் சட்டம் எழுதிற ஆளுக்கு 54,285 எண்டும் கடதாசியிலை இருந்தா, அந்தக் கடதாசி பொய் சொல்லுது எண்டுதான் கணக்குத் தெரிஞ்ச எவனும் சொல்லுவான். நான் கூட்டிக் குடுக்கச் சொல்லேல்லை, ஏற்கெனவே குடுக்கிறதை ஒரு இடத்திலை எழுதுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

பென்சன் விசயம் சொல்லாமல் விட்டா ரீக்கடையிலை என்னை விடமாட்டினம். 1977 இலை வந்த முதலாம் இலக்கச் சட்டத்திலை அஞ்சு வருசம் இருந்தா சம்பளத்திலை மூண்டிலை ஒரு பங்கு பென்சன் எண்டு வைச்சவை. எனக்கு அரசாங்கம் பென்சன் தந்தது 31 வருசத்துக்கு. அந்த மூண்டிலை ஒரு பங்கையும் 54,285 இலை பாத்தா 18,095 தான், தொகை பெரிசில்லை, ஆனா அஞ்சு வருசம் எண்ட சொல்லுத்தான் சனத்துக்குத் தொண்டையிலை முள்ளு மாதிரிக் கிடந்தது. அதையும் அந்தச் சபையே அவைக்கு எழுதிக் குடுத்ததுதான்.

ஆசிரியர் ஐயா, கடைசியா உங்களிட்டையும் ஒண்டு கேக்கிறன். எங்கட யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இலை 9 எம்பி, பிறகு 7, 2024 இலை 6. ஆறு பேற்றை கணக்கு எழுதிறது பெரிய வேலை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலை இருந்து கிடக்கு, உங்கட நிருபர் ஒருத்தர் ஒரு கடிதம் போட்டா இந்த ஆறு பேருக்கும் போன மாசம் என்ன என்ன பெயரிலை எவ்வளவு போனது, எத்தினை நாள் சபைக்கு வந்தவை எண்டு எடுக்கலாம். சுன்னாகம் சந்தை மரக்கறி விலை போடுற பெட்டிக்குப் பக்கத்திலை மாசம் ஒருக்கா அதையும் போடுங்கோ, தக்காளி, கத்தரி, வெண்டி, எம்பி. கட்சி பாக்கவேண்டாம், வியாக்கியானம் வேண்டாம், பேரும் தொகையும் காணும். கூட்டிறதுக்கு ஆள் இல்லையெண்டா நான் வந்து கூட்டித் தாறன், காசு வேண்டாம், ஆனா நான் கூட்டினதை வேறை ஆள் ஒருத்தர் சரி பாத்து கையெழுத்து வைக்கவேணும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குக் கிளை எழுதுவினைஞர்,
கொக்குவில்.